சாரதியின் பிளேன்டீ

மலையில் பிறந்தவனுக்கு மலை ஏறத் தெரியாது என்ற கேலி ஹேவாஹெட்டவில் பதினைந்து வருடமாக ஓடிக்கொண்டிருக்கிறது. யுகேஷ் எந்தக் கல்யாண வீட்டுக்குப் போனாலும், பந்தியில் உட்காரும் முன் யாராவது ஒருவர், "என்னப்பா, சைக்கிள்லயா வந்த? எந்த எடத்துல எறங்கித் தள்ளின?" என்று கேட்காமல் விடுவதில்லை. ஆரம்பத்தில் அவனும் சேர்ந்து சிரித்தான். பிறகு சிரிப்பது போல முகத்தை வைத்துக்கொண்டான். அப்பா கறுப்பையா இறந்த பிறகு, இந்த மூன்று வருடமாக, ஊருக்குப் போவதையே விட்டுவிட்டான். கட்டுகஸ்தோட்டையில் வாடகை வீடு. அங்கிருந்து ஹேவாஹெட்டவுக்கு இரண்டு பஸ் மாறினால் போதும். ஏறுவதற்கு மனசு வேண்டுமே.

கேலியில் உண்மை இல்லாமலும் இல்லை. சைக்கிளோட்டத்தில் ஏறுகிறவர்கள் ஒரு வகை, பாய்கிறவர்கள் ஒரு வகை. ஏறுகிறவர்கள் காய்ந்த முருங்கைக்காய் மாதிரி இருப்பார்கள். யுகேஷ் எண்பது கிலோ. அவனுடைய தொடைக்கு ஏற்ற காற்சட்டை கடையில் கிடைப்பதில்லை. மனைவி பிரேமிளா ஒவ்வொன்றையும் பிரித்து, உள்ளே துணி வைத்துத் தைத்துக் கொடுப்பாள். நாள் முழுக்க மற்றவன் முதுகுக்குப் பின்னால் காற்றுப் படாமல் ஒளிந்து வந்து, கடைசி இருநூறு மீட்டரில் எழுந்து நின்று பன்னிரண்டு விநாடி மிதிப்பதுதான் அவன் தொழில். அந்தப் பன்னிரண்டு விநாடிக்காக ஒரு டயர் கம்பெனி அவனைப் பதின்மூன்று வருடமாக வைத்திருந்தது. புத்தளம், சிலாபம், அநுராதபுரம், மன்னார், மட்டக்களப்பு என்று நாற்பத்தொரு தடவை முதலாவதாக வந்திருக்கிறான். எல்லாம் தரையில். கண்டியில் ஒன்றுகூட இல்லை. கண்டிக்கு வருகிற ரேஸ் எதுவும் ஒரு மலை ஏறாமல் வராது. அந்த மலையில் முருங்கைக்காய்கள் போய்விடுவார்கள். யுகேஷ் வந்து சேரும்போது பந்தலைக் கழற்றிக்கொண்டிருப்பார்கள்.

ஆனால் பின்னால் வருவதிலும் ஒரு பதவி இருந்தது. அதை ஊரில் யாருக்கும் சொல்லிப் புரியவைக்க முடியவில்லை.

பல நாள் ரேஸில் மலை நாட்களுக்கு நேர எல்லை உண்டு. முதலாவதாக வந்தவன் எடுத்த நேரத்தோடு நூற்றுக்குப் பதினைந்து பங்கு கூட்டுவார்கள். அதற்குள் வந்து சேராதவன் மறுநாள் தொடங்க முடியாது. சைக்கிளை வான் வண்டியில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போகவேண்டியதுதான். அதனால் ஏற முடியாதவர்கள் எல்லாரும், எந்தக் கம்பெனி, எந்தப் படை என்று பார்க்காமல், பின்னால் ஒரு கூட்டமாகச் சேர்ந்து வருவார்கள். அதற்குக் 'கடைசி பஸ்' என்று பெயர். கடைசி பஸ்ஸுக்கு ஒரு சாரதி உண்டு. முதலாவது ஆள் எத்தனை மணி நேரத்தில் போவான், எல்லை எங்கே விழும், எவ்வளவு மெதுவாகப் போனால் போதும் என்று மனக்கணக்குப் போடுவது அவன் வேலை. முன்னாலிருந்து வரும் செய்தி சாரதிக்குத்தான் வரும். அவன் மெதுவாக என்றால் மெதுவாக, மிதி என்றால் மிதிக்க வேண்டும். பஸ்ஸில் போட்டி கிடையாது. தண்ணீர் பொது. ஒருவனையும் விட்டுவிட்டுப் போகக் கூடாது.

ஒன்பது வருடமாகச் சாரதி யுகேஷ்தான். அந்த ஒன்பது வருடத்தில் அவனுடைய பஸ் ஒருநாளும் பிந்தவில்லை.

வந்து சேர்ந்ததும் பயணிகள் எல்லாரும் சேர்ந்து சாரதிக்குப் பால் ஊற்றாத ஒரு பிளேன்டீ வாங்கிக் கொடுப்பார்கள். கூடவே ஒரு துண்டு கித்துள் கருப்பட்டி. பஸ்ஸில் வயது குறைந்தவன்தான் கொண்டுவந்து நீட்ட வேண்டும். அவன் குடித்து முடிக்கும்வரை மற்றவர்கள் சுற்றி நிற்பார்கள். அவ்வளவுதான் சடங்கு. அவன் ஜெயித்துக் கொண்டுவந்த கப் எதையும் பிரேமிளா தூசி தட்டி வைத்ததில்லை. ஆனால் இந்த டீக் கதையை மட்டும் மாநகர சபையில் தன்னோடு வேலை செய்கிற கிளார்க்குகள் எல்லாருக்கும் சொல்லி வைத்திருந்தாள்.

"நாப்பத்தொரு தடவை ஜெயிச்சீங்கன்னு சொல்றீங்க, எனக்கு அது ஒண்ணும் வெளங்கல. ஒரே மாதிரி உடுப்புல எல்லாரும் ஒண்ணாத்தான் வர்றாங்க. அந்த டீ வெளங்குது," என்பாள்.

அவள் அவனுடைய வெற்றி ஒன்றையும் நேரில் பார்த்ததில்லை. புத்தளத்துக்கும் மன்னாருக்கும் யார் லீவு கொடுப்பார்கள்? எல்லாம் போனில் பார்த்ததுதான்.

இந்த வருடத்தோடு போதும் என்று கம்பெனி சொல்லிவிட்டது. தைப்பொங்கல் முடிந்ததும் கட்டுகஸ்தோட்டை ஸ்டோர்ஸில் டயர் அடுக்குகிற பிரிவுக்கு அவன்தான் பொறுப்பு. முப்பத்தைந்து வயதில் அது நல்ல இடம் என்று அவனுக்கும் தெரியும். வருத்தமில்லை. ஆனால் கடைசி வருடத்தில் ஒரு அதிசயம் நடந்தது. ஐந்து நாள் ரேஸின் கடைசி நாளை கண்டி வாவியைச் சுற்றி வைத்தார்கள். இருபத்தைந்து சுற்று, முழுக்கத் தரை, முடிவு வாவிக் கரையில். கண்டியில் ஒரு ஸ்பிரிண்ட். அறிவித்தல் வந்த அன்று யுகேஷ் அதை மூன்று தடவை வாசித்தான்.

"ஞாயித்துக்கிழமதான். வந்து பாரு," என்றான் பிரேமிளாவிடம்.

"ஜெயிப்பீங்களா?"

"வந்து பாரு."

உள்ளுக்குள் அவனுக்கு அவ்வளவு நிச்சயம் இல்லை. காரணம் ஸிபான். மடவளைப் பையன், இருபத்துமூன்று வயது, வேறொரு கம்பெனிக்கு ஓடுகிறான். இந்த வருடம் மூன்று தடவை யுகேஷை முந்தியிருந்தான். மூன்று தடவையும் வந்து கையைப் பிடித்து, "அண்ணன், நீங்க கொஞ்சம் முந்தி எழும்பிட்டீங்க," என்று மரியாதையாகச் சொல்லிவிட்டுப் போனான். மரியாதையாகச் சொன்னதுதான் யுகேஷுக்குத் தூக்கத்தைக் கெடுத்தது.

ஞாயிறுக்கு முன்னால் சனிக்கிழமை இருந்தது. சனிக்கிழமை மலை. பேராதெனியாவில் தொடங்கி, கலஹா, தெல்தோட்டை வழியாக ஹேவாஹெட்டவுக்கு ஏறி, தலாத்துஓயாவுக்கு இறங்கி, அம்பிட்டிய வழியாகக் கண்டிக்கு வரும் பாதை. வியாழக்கிழமை ஓய்வு நாள். மனேஜர் அணியை வானில் ஏற்றிக்கொண்டு அந்த ரோட்டைப் பார்க்கப் போனார். யுகேஷ் போகவில்லை.

"நான் பொறந்த ரோடு சேர். எனக்கே அதக் காட்டணுமா?" என்றான்.

உண்மையான காரணம் அதுவல்ல. வான் ஹேவாஹெட்ட சந்தியில் நிற்கும், மனேஜர் டீ குடிக்க இறங்குவார், ஊர் கூடிவிடும், கேலி தொடங்கும். ஓய்வு நாளில் அது வேண்டாம் என்று நினைத்தான். போய்வந்தவர்களிடம் ரோடு எப்படி என்று கேட்கவுமில்லை. சொந்த ஊரைப் பற்றிப் பிறத்தியாரிடம் யார் கேட்பார்கள்?

சனிக்கிழமை கலஹா ஏற்றத்தில் பஸ் சேர்ந்தது. எண்ணிப் பார்த்தான். அவனோடு பதினான்கு பேர். படைக்காரர்கள் ஐந்து பேர், பொலிஸ் இரண்டு, மீதி கம்பெனிக்காரர்கள். ஸிபானும் இருந்தான். கனமான பையன்தான் அவனும்.

"அண்ணன், இண்டைக்கு எத்தின மணிக்கு எறக்குவீங்க?" என்று ஸிபான் கேட்டான்.

"மூணு மணி இருவத்துநாலு நிமிஷம். டிக்கட் எடுத்தியா?"

பின்னால் இருந்தவர்கள் சிரித்தார்கள். யுகேஷின் கணக்கு இதுதான்: தெல்தோட்டைக்கு மேல் ரோடு முழுக்கக் குழி. மழைக்காலத்தில் லொறிக்காரனே சாமி கும்பிட்டுவிட்டு ஏறுகிற ரோடு. அதில் எப்பேர்ப்பட்ட முருங்கைக்காயும் வேகமாகப் போக முடியாது. முதலாவது ஆளுக்கு மூன்று மணி நேரம். எல்லை மூன்று இருபத்தேழில் விழும். மூன்று நிமிடம் கையில் வைத்துக்கொண்டு மூன்று இருபத்துநாலில் போய் இறங்கலாம்.

அந்தக் கணக்குக்கு ஏற்ற வேகத்தில் பஸ்ஸை ஓட்டினான். கலஹாவுக்கு அப்பால் ஸிபானுக்குக் கெண்டைக்காலில் பிடித்துக்கொண்டது. முகம் கோணி, கூட்டத்தின் வாலில் விழுந்தான். யுகேஷ் பின்னால் போய், தன் தண்ணீரைக் கொடுத்து, முதுகில் கையை வைத்து அரைக் கிலோமீட்டர் தள்ளிக்கொண்டு வந்தான். அதில் பெருந்தன்மை ஒன்றும் இல்லை. சாரதி செய்கிற வேலை அது. நாளைக்கு இவன்தான் எனக்கு எமன் என்ற நினைப்பு அந்த நேரம் அவனுக்கு வரவே இல்லை. பிற்பாடு அதை யோசித்துப் பார்த்தபோதுதான், அந்த அரைக் கிலோமீட்டர் வரையில் தான் ஒரு நல்ல மனிதனாக இருந்தது யுகேஷுக்குத் தெரிந்தது.

தெல்தோட்டை தாண்டியதும் ரோடு கறுப்பாக இருந்தது.

முதலில் கொஞ்ச தூரத்துக்குத்தான் போட்டிருப்பார்கள் என்று நினைத்தான். அடுத்த வளைவிலும் கறுப்பாக இருந்தது. அதற்கடுத்த வளைவிலும். புத்தம் புதிய காபட் தார், இரண்டு பக்கமும் வெள்ளைக் கோடு, குழி என்று சொல்ல ஒரு குழிகூட இல்லை. சக்கரம் சத்தமே போடவில்லை. "நல்ல ரோடு அண்ணன்," என்றான் யாரோ ஒருவன். யுகேஷ் காலடியில் ஓடும் தாரைப் பார்த்தான். இதில் முன்னால் போனவர்கள் பறந்திருப்பார்கள்.

ஹேவாஹெட்டவுக்கு இரண்டு கிலோமீட்டர் இருக்கும்போது பின்னாலிருந்து வான் வந்தது. கடைசிக் கூட்டத்துக்கு அந்த ஒரு வான்தான். ஓட்டி வந்தவர் அவனுடைய அணியின் மெக்கானிக் றிஸ்வி, எல்லாரும் அண்ணன் முறையில் 'நானா' என்று கூப்பிடுகிற அலவத்துகொடக்காரர், சைக்கிளைக் காதால் பார்க்கிற மனிதர். முறைப்படி சாரதியின் பக்கத்தில் வந்து கண்ணாடியை இறக்கினார்.

"தம்பி, முன்னுக்குப் போறவன் ரெண்டு அம்பத்தாறுல முடிப்பான் எண்டு செல்றாங்க. நீங்க எல்லாரும் பிந்தி ஈக்கிறீங்க."

"எவ்வளவு?"

"இந்த வேகத்துல போனா ஒண்டரை நிமிஷம் எல்லைக்கு வெளிய. கூடவும் வரலாம்." கண்ணாடியை ஏற்றிக்கொண்டு பின்னால் போனார்.

யுகேஷுக்கு மட்டும்தான் அது கேட்டது. ஒன்றரை நிமிடம். முன்னால் முப்பது கிலோமீட்டர் இருக்கிறது, பெரும்பகுதி இறக்கம். பதினான்கு பேரும் தெரிந்து, மாறி மாறி முன்னுக்கு நின்று மிதித்தால் பிடித்துவிடலாம். பிடிக்க முடியாமலும் போகலாம். புதிய காபட்டில் பதினான்கு பேர் பயத்தோடு ஒன்றாக இறங்கினால் எவனாவது ஒருவன் விழுவான், விழுந்தால் எல்லாம் முடிந்தது. தனியாகப் போனால் தனக்கு நிச்சயம். ஒவ்வொரு வளைவும் அவனுக்குத் தெரியும். பதினாறு வயதில் இரவல் சைக்கிளில் பிரேக் இல்லாமல் இறங்கின ரோடு.

இப்படியெல்லாம் நியாயம் யோசித்துக்கொண்டு ஹேவாஹெட்ட சந்திக்கு வந்தான். அங்கே கூட்டம் நின்றது. பொன்னையா மாமா, அம்மாவின் தம்பி, கட்டுச்சுவர் மேல் ஏறி நின்றார்.

"மாப்ள, எல்லாரும் போயி ஒரு யுகமாச்சு. தூங்கிட்டியா?" என்றார். சுற்றி நின்றவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். "நாளைக்கு வான் போட்டு கண்டிக்கு வர்றோம். அங்கயாவது முன்னுக்கு வா."

ஸிபானும் சிரித்தான், பல் தெரிய. கெண்டைக்கால் சரியாகிவிட்டது போல.

அப்போதுதான் அது வந்தது. இவன் நாளைக்கு இல்லாவிட்டால்? நியாயங்கள் எல்லாம் அதற்குப் பிறகு தேவைப்படவில்லை.

சந்தி தாண்டி இறக்கம் தொடங்கும் இடத்தில் யுகேஷ் கையை உயர்த்தினான். பஸ் முழுதும் அவனைப் பார்த்தது.

"மாரஸ்ஸனவுக்கு மேல மண் சரிஞ்சு ரோடெல்லாம் சேறாம். நாலு கிலோமீட்டர் அப்படித்தானாம். றிஸ்வி நானா இப்பத்தான் சொன்னாரு," என்றான். "பிரேக் புடிச்சு மெதுவா வாங்க. நேரம் இருக்கு. நான் முன்னுக்குப் போயி எடத்தப் பாக்குறேன்."

"சரி அண்ணன்," என்றான் ஸிபான். அந்த ஊரில் பிறந்தவன் சொல்கிறான், வான் வந்து சொல்லிவிட்டுப் போனதை எல்லாரும் கண்ணால் பார்த்தார்கள். மழைக்கு மண் சரியாத மலை எது? ஒருவனும் மறுபேச்சுப் பேசவில்லை. பதின்மூன்று பேரின் கைகளும் பிரேக்குக்குப் போன சத்தத்தை யுகேஷ் கேட்டான்.

பிறகு அவன் இறங்கினான். வாழ்க்கையில் அப்படி இறங்கியதில்லை. தலாத்துஓயா வந்தபோது திரும்பிப் பார்த்தான், ரோடு காலியாக இருந்தது. அம்பிட்டியவுக்கு ஏறும்போது நெஞ்சு வெடித்துவிடும் போல இருந்தது. கால் நிற்கவில்லை. கண்டியில் முடிவுக் கோட்டைத் தாண்டியபோது மணிக்கூட்டைப் பார்த்தான். எல்லைக்குள் வந்திருந்தான், ஒரு நிமிடம் பத்து விநாடி மீதி.

தடுப்புக் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றான். எல்லை கடந்தது. நடுவர் எழுந்து, நேரம் முடிந்தது என்று அறிவித்தார். யுகேஷ் போகவில்லை. போயிருந்தால் நல்லது, ஆனால் கால் வரவில்லை.

பஸ் வந்தது. பதின்மூன்று பேரும் ஒன்றாக, ஒருவன் குறையாமல். ஸிபான் முன்னால் இருந்தான். முகமெல்லாம் உப்புப் பூத்து, வாயில் எச்சில் வழிய மிதித்துக்கொண்டு வந்தான். ஆடை ஒன்றிலும் ஒரு பொட்டுச் சேறு இல்லை. மணிக்கூடு மூன்று மணி இருபத்துநாலு காட்டியது. யுகேஷ் கலஹாவில் சொன்ன அதே நேரம். எல்லைக்கு ஒரு நிமிடம் ஐம்பது விநாடி பிந்தி.

கணக்கு அவனுக்குத் தானாக வந்தது. ஒன்பது வருடப் பழக்கம். நாலு கிலோமீட்டர் பிரேக் பிடித்து இறங்கினால் நாலு நிமிடம் போகும். சேறு வரவில்லை என்று கண்ட பிறகுதான் சந்தேகப்பட்டு மிதித்திருக்கிறார்கள். அந்த நாலு நிமிடம் போகாமல் இருந்திருந்தால் இரண்டு நிமிடம் முந்தி வந்திருப்பார்கள். உண்மையைச் சொல்லியிருந்தால் பதினான்கு பேரும் சேர்ந்து வந்திருக்கலாம். கொஞ்சம்கூட ஆபத்து இருந்திருக்காது.

ஒருவனும் அவனைத் திட்டவில்லை. ஒரு படைக்காரன் மட்டும் பக்கத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போகும்போது, சக்கரத்தைத் தூக்கிச் சுற்றிக் காட்டினான். சுத்தமாக இருந்தது. அன்று டீயும் இல்லை.

பிரேமிளாவுக்குச் சனிக்கிழமை வேலை இருந்தது. மாலையில் கேட்டாள். "உள்ளுக்கு வந்துட்டேன்," என்றான். "எனக்குத் தெரியும்," என்றாள் அவள், நாளைக்கு உடுத்தச் சேலை எடுத்து வைத்தபடி.

ஞாயிறு காலை றிஸ்வி சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி வேலை செய்துகொண்டிருந்தார். யுகேஷ் பக்கத்தில் போய் நின்றான். அவர் நிமிரவில்லை.

"ஸிபான் கேட்டான், மண்சரிவு எண்டு நான் செல்லினதா எண்டு," என்றார். "நான் ஒண்டும் செல்லல்ல. ஓமெண்டும் செல்லல்ல, இல்லெண்டும் செல்லல்ல." செயினை ஒரு சுற்றுச் சுற்றிக் காதைக் கொடுத்துக் கேட்டார். "இது சரி. எடுங்க."

பதின்மூன்று வருடத்தில் றிஸ்வி அவனை 'எடுங்க' என்றதில்லை. 'எடு' என்றுதான் சொல்வார். யுகேஷுக்கு அடி வாங்கியது போல இருந்தது. மன்னிப்புக் கேட்கலாம் என்று வாயைத் திறந்தான். அவர் அடுத்த சைக்கிளுக்குப் போய்விட்டார்.

வாவியைச் சுற்றி நல்ல கூட்டம். பொன்னையா மாமா சொன்னபடி வான் போட்டு வந்திருந்தார், கூடவே இருபது பேர். பிரேமிளா ஆபீஸ் தோழிகளோடு முடிவுக் கோட்டுக்குப் பக்கத்தில் குடை பிடித்துக்கொண்டு நின்றாள். அவர்களுக்கு எதிர்ப்பக்கம், தடுப்புக் கம்பிக்கு வெளியே, பதின்மூன்று பேர் சாதாரண உடுப்பில் நின்றார்கள். ரேஸ் முடிந்துதான் வான்கள் வீட்டுக்குப் போகும். அதுவரை நிற்க வேறு இடமில்லை. இருபத்தைந்து சுற்றிலும் யுகேஷ் அவர்களைத் தாண்டிப் போனான். இருபத்தைந்து தடவை எண்ணினான். பதின்மூன்று.

கடைசிச் சுற்றில் ஒன்றும் கஷ்டமில்லை. ஓட்டத்தில் மிஞ்சியிருந்தவர்கள் எல்லாரும் ஏறுகிறவர்கள். தரையில் அவர்களுக்குப் பாயத் தெரியாது. இருநூறு மீட்டரில் எழுந்து நின்றான். பக்கத்தில் யாரும் வரவில்லை. பழக்கத்தில், கோட்டில் சைக்கிளை முன்னுக்கு எறிந்தான், ஒரு விரற்கடையில் ஜெயிக்கிறவன் செய்வது போல. அடுத்தவன் அவனுக்குப் பின்னால் ஐந்து சைக்கிள் தூரத்தில் வந்தான்.

வெடி கொளுத்தினார்கள். ஹேவாஹெட்டக்காரர்கள் மாலை கொண்டுவந்து போட்டார்கள். பொன்னையா மாமா அவன் கன்னத்தைப் பிடித்து, "மல ஏறத் தெரியாட்டி போகுது, கண்டியச் சுத்தத் தெரியுதே எங்க மாப்ளைக்கு," என்றார். பதினைந்து வருடக் கேலி அந்த இடத்தில் முடிந்தது. முடிந்தால் எப்படி இருக்கும் என்று யுகேஷ் எத்தனையோ நாள் நினைத்துப் பார்த்திருக்கிறான். இப்போது கழுத்தில் செவ்வந்தி உறுத்தியது. வேறொன்றும் தோன்றவில்லை.

பிரேமிளா கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்தாள். கண் கலங்கியிருந்தது.

"அவ்வளவு வேகமாவா போவீங்க நீங்க?" என்றாள். "என்னங்க, நான் பாத்தேங்க."

அப்போதுதான் எதிர்ப்பக்கத்திலிருந்து ஸிபான் ரோட்டைக் கடந்து வந்தான். கையில் கடதாசிக் கப். மூடியில்லை, சிந்தாமல் பார்த்து நடந்தான். மற்றக் கையில், கடதாசித் துண்டில் கருப்பட்டி. அவனுக்குப் பின்னால் பன்னிரண்டு பேரும் கம்பியைத் தாண்டி வந்து, கொஞ்சம் தள்ளி, அரைவட்டமாக நின்றார்கள்.

"நேத்துக் குடுக்க ஏலாமப் போச்சு அண்ணன்," என்று இரண்டு கையாலும் நீட்டினான். குரலில் கோபம் இல்லை. எப்போதும் பேசுகிற மரியாதைதான்.

யுகேஷ் வாங்கினான். வாங்காமல் இருக்க வழி தெரியவில்லை.

பிரேமிளா கப்பைப் பார்த்தாள், கருப்பட்டியைப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்ததைப் பார்க்க அவனுக்குச் சகிக்கவில்லை.

"இதுதானா அந்த டீ? இந்தத் தம்பிதான் சின்னவரா?" தோழிகளைக் கையைக் காட்டிக் கூப்பிட்டாள். "இங்க வாங்க, நான் சொல்லுவேன்ல, அது இதுதான்." பிறகு அவன் பக்கம் திரும்பினாள். "அப்ப நேத்தும் எல்லாரையும் கொண்டுவந்து சேத்துட்டீங்க?"

ஸிபான் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். ஆமா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், இந்தப் பதின்மூன்று பேரில் ஒருவனும் மறுக்கமாட்டான் என்று யுகேஷுக்குத் தெரிந்தது. நேற்று மறுபேச்சுப் பேசாதவர்கள் இன்றும் பேசமாட்டார்கள்.

"இல்ல," என்றான். "நேத்து நான் மட்டுந்தான் வந்தேன். இவங்கள மெதுவா வரச் சொல்லிட்டு வந்துட்டேன். அதனாலதான் இன்னைக்கு இவங்க யாரும் ஓடல."

பிரேமிளா திரும்பினாள். பதின்மூன்று பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள், சாதாரணச் சட்டையில், செருப்போடு. தோழிகள் வந்து சேர்ந்து, என்ன, என்ன என்று கேட்டார்கள். அவள் யுகேஷின் கையிலிருந்த கப்பைப் பார்த்தாள்.

"அப்ப இது எதுக்கு?" என்று அவனிடம் கேட்டாள்.

டீ நல்ல சூடாக இருந்தது. சாயம் ஏறி, அவனுக்குப் பிடித்த பதத்தில் ஊற்றியிருந்தார்கள். பதின்மூன்று பேரும் வழக்கம் போலக் காத்துக்கொண்டு நின்றார்கள். யுகேஷ் மாலையோடு நின்று முழுவதையும் குடித்தான். கருப்பட்டியைக் கடிக்க முடியவில்லை, கையிலேயே வைத்திருந்தான். வெறும் கப்பை ஸிபான் வாங்கிக்கொண்டு போனான்.